சம்பளமா, உதவித்தொகையா, ஜேஆர்எஃப்பா? பொது மனநலத்தில் பிஎச்.டி. தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

இந்தியாவில் நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். பிரிட்டன் ஆய்வு மன்றங்கள் 2025-26இல் தரும் குறைந்தபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு. ஆஸ்திரேலிய அரசு 2025ஆம் ஆண்டுக்கு வைத்த அடிப்படைத் தொகை 33,511 டாலர். நார்வேயில் பிஎச்.டி. ஆய்வாளரின் ஆண்டுச் சம்பளம் ஐந்து லட்சம் க்ரோனரைத் தாண்டும். இந்த நான்கையும் ரூபாயாக மாற்றி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே இருப்பதற்கு முதலில் விண்ணப்பிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. பொது மனநலத் துறையில் அப்படி அடுக்குவது சரியாக வராது என்பது என் கருத்து. தொகை எவ்வளவு என்பதைவிட, அது எந்தக் கேள்விக்காக ஒதுக்கப்பட்டது, அந்தக் கேள்வியை எழுதியது யார் என்பதுதான் உங்கள் அடுத்த நான்கைந்து ஆண்டுகளைத் தீர்மானிக்கும்.

மனநலம் என்றதும் மருத்துவர், மாத்திரை, கவுன்சலிங் என்றுதான் நினைப்பு ஓடும். பொது மனநலம் ஒரு நோயாளியை எதிரில் உட்காரவைத்துப் பேசும் துறை அல்ல. ஒரு மக்கள்திரளின் மனநலம் எதனால் கெடுகிறது, எதை மாற்றினால் தேறும் என்று பார்க்கும் துறை. இலங்கை இதற்கு நல்ல உதாரணம். 1990களின் நடுவில் அங்கே தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. 1984இல் பாரத்தியான், 1995இல் மிகக் கொடிய நச்சு வகைகளில் எஞ்சியவை, 1998இல் எண்டோசல்ஃபான், 2008க்கும் 2011க்கும் இடையில் பாராகுவாட் உள்ளிட்ட மூன்று என்று பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். உச்சத்தில் இருந்த விகிதம் இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மனநல மருத்துவர்கள் திடீரெனப் பெருகியதால் நடந்தது அல்ல இது. பெரும்பங்கு பூச்சிக்கொல்லிப் பதிவாளரின் கையெழுத்துக்கு உண்டு.

தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுப் பெட்டகத்தில் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவினர் செய்து பார்த்த ஆய்வும் இதே ரகம்தான். பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஓராண்டு காத்திருக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாட்டையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஆகவே உளவியல் படித்தவர்தான் இந்தப் பக்கம் வர வேண்டும் என்றில்லை. சமூகப்பணி, சமூகவியல், புள்ளியியல், பொருளியல், சமுதாய மருத்துவம் என எங்கிருந்தும் வரலாம். கேள்வி மாறினால் தேவைப்படும் தரவு மாறும், தரவு மாறினால் போக வேண்டிய நாடும் மாறும்.

உள்ளூர் வழி: ஜேஆர்எஃப்

இதை 'வெளிநாடு கிடைக்காதவர்களின் வழி' என்று பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஜேஆர்எஃப்புக்கு வழியான, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் நடக்கிறது. மனநல ஆய்வுக்கு வருகிறவர் உளவியல், சமூகப்பணி, சமூகவியல், மக்கள்தொகையியல் ஆகியவற்றில் ஒன்றில் எழுதலாம். சமூக மருத்துவமும் சமுதாய நலமும் என்று தனியாக ஒரு பாடம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பொதுச் சுகாதாரம் படித்தவர்கள் அதன் பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, பிறகு மதிப்பீட்டில் தேறினால் எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆகி 42,000, மொத்தம் ஐந்து ஆண்டுகள். வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் அமலான விகிதம் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் தனியாக ஒரு ஜேஆர்எஃப் தந்து வந்திருக்கிறது. அதில் சமூக அறிவியல் பிரிவும் இருந்தது என்பதால் உளவியல், சமூகப்பணிக்காரர்கள் அந்த அறிவிப்பு வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலம், பணம் உங்கள் பெயரில் வருகிறது என்பது. நெறியாளரின் திட்டத்தில் அல்ல, உங்கள் கையில். தலைப்பு உங்களுடையது. ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் பதிவு செய்யலாம். சொந்த உதவித்தொகையோடு வரும் மாணவரை நெறியாளர்களும் தட்டிக்கழிக்க மாட்டார்கள். ஆனால் வெளிநாட்டுத் திட்டங்கள் பலவற்றில் தலைப்பு நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். தொகை சில மாதங்கள் சேர்ந்து தாமதமாக வருவது ஆய்வு மாணவர்களிடையே நிரந்தரப் புகார். 2024 ஜூன் நெட் தேர்வு நடந்த மறுநாளே ரத்தான கதை எல்லாருக்கும் நினைவிருக்கும். முறைசார் பயிற்சியும் மெலிதுதான். ஆறு மாதக் கோர்ஸ் ஒர்க்கில் புள்ளியியலைத் தொட்டுவிட்டு விட்டுவிடும் இடங்களே அதிகம். பெரிய தரவுத்தொகுப்பைக் கையாளவோ, ஒரு தலையீட்டின் பலனை முறையாக அளக்கவோ நீங்களாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதனால் இந்தியாவில் இருப்பது என்று முடிவு செய்தால், எந்த நிறுவனம் என்பதில் கறாராக இருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் முதலில் வருவது மனநல மருத்துவமனை என்ற பெயருக்காக அல்ல, அங்கே நோய்ப்பரவலியல் துறையும் பொதுச் சுகாதார மையமும் இருப்பதால். 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது அந்த நிறுவனம்தான். தமிழ்நாடும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. வயது வந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது, பிரச்சினையின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று நாம் இன்று மேடைகளில் சொல்லும் கணக்குகள் அங்கிருந்து வந்தவை. கொள்கை எழுதுகிறவர்களுக்கு அருகில் உட்கார்ந்து ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் நாட்டில் இல்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் பொதுச் சுகாதாரத்தில் இறுக்கமான பயிற்சி தரும் இடம். மனநலம் அங்கே பல தலைப்புகளில் ஒன்று மட்டுமே என்பதைத் தெரிந்துகொண்டு போகலாம்.

தமிழ்நாட்டில் விஷயம் வேறு மாதிரி. இங்கே பல்கலைக்கழகத் துறைகளைவிடத் தொண்டு நிறுவனங்களிடம்தான் ஆழமான அனுபவம் இருக்கிறது. 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், முதன்முறை மனச்சிதைவு கண்டவர்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த சென்னை நெடுங்கால ஆய்வுக்குப் பெயர் பெற்றது. வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993இல் தொடங்கிய தி பேனியன், குடியிருப்பையே சிகிச்சையின் பகுதியாக்கிய அமைப்பு. தற்கொலைத் தடுப்பில் 1986 முதல் சிநேகா. பதிவு ஒரு பல்கலைக்கழகத்தில், களமும் இணை நெறியாளரும் இப்படி ஓர் அமைப்பில் என்று கட்டமைத்துக்கொள்ள முடிந்தால், ஜேஆர்எஃப் பணம் எந்த வெளிநாட்டு உதவித்தொகைக்கும் குறையாமல் வேலை செய்யும். சேர்வதற்கு முன்பே இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசி, எழுதியும் வைத்துவிடுங்கள். பின்னால் கட்டுரையில் ஆசிரியர் பெயர் வரிசைக்குச் சண்டை வரும்போது வாயால் பேசியதை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

பிரிட்டன்: விளம்பரத்தின் கடைசி வரியைப் படியுங்கள்

பொது மனநலம் என்ற பெயரிலேயே இடங்கள் அதிகம் விளம்பரமாவது பிரிட்டனில்தான். அங்கே தேசிய சுகாதார, பராமரிப்பு ஆய்வு நிறுவனம் 2012இல் தொடங்கிய பொதுச் சுகாதார ஆய்வுப் பள்ளி என்பது பல பல்கலைக்கழகங்களின் கூட்டு. பொது மனநலம் அதன் ஆய்வுத் திட்டங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. வாடகை நெருக்கடி, பள்ளிச் சூழல், கடன், உள்ளாட்சிச் செலவுக் குறைப்பு போன்றவை மனநலத்தில் என்ன செய்கின்றன என்று கேட்கும் தலைப்புகள் இந்த வட்டாரத்தில் சகஜம். கேள்விகள் அருமையானவை. ஆனால் அவை இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கான கேள்விகள். நீங்கள் பார்க்கப்போவது நியூகாசிலின் குடியிருப்பை, நெய்வேலியை அல்ல. அது பிரச்சினை இல்லை என்றால் தாராளமாகப் போகலாம். ஊர் திரும்பி இங்கே வேலை செய்ய நினைக்கிறவர், கற்ற முறைகளை மட்டும் எடுத்து வர முடியும், முடிவுகளை அல்ல.

இப்போது பணத்துக்கு வருவோம். அங்கே 'முழு நிதியுதவி' என்று தலைப்பில் போட்டுவிட்டு, கட்டணம் உள்நாட்டு விகிதத்தில் மட்டும் என்று அடியில் எழுதியிருப்பார்கள். 2025-26இல் ஆய்வு மன்றங்கள் வைத்திருக்கும் உள்நாட்டுக் கட்டணம் 5,006 பவுண்டு. வெளிநாட்டு மாணவருக்குச் சுகாதாரத் துறைகளில் 25,000 பவுண்டுக்கு மேல் போவது சாதாரணம். 26,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் ஏறக்குறைய 21,000. வரும் உதவித்தொகை 20,780. கையில் ஒன்றும் மிஞ்சாது, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஊரிலிருந்து பணம் வர வேண்டும். இதை முழு நிதியுதவி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விதிவிலக்கு இருக்கிறது. பிரிட்டன் ஆய்வு மன்றங்களின் நேரடி நிதியில் வரும் பயிற்சித் திட்டங்கள் 2021 முதல் தங்கள் இடங்களில் 30 சதவீதம் வரை வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரலாம். அப்படி எடுத்தால் கட்டண வித்தியாசத்தை மாணவர் தலையில் கட்டக் கூடாது. பொருளாதார, சமூக ஆய்வு மன்றத்தின் திட்டங்களும் மருத்துவ ஆய்வு மன்றத்தின் திட்டங்களும் இந்த வகை. போட்டி கடுமை. வெல்கம் அறக்கட்டளையின் பணத்தில் நடக்கும் நான்கு ஆண்டுத் திட்டங்களில் உதவித்தொகை பொதுவாகக் கூடுதல். மனநலம் அந்த அறக்கட்டளை வெளிப்படையாக முன்னிறுத்தும் துறைகளில் ஒன்று என்பதால் இந்தப் பக்கம் கண் வைத்திருப்பது நல்லது.

பிரிட்டனுக்குப் போவதற்கான உண்மையான காரணம், என்னைக் கேட்டால், உதவித்தொகை அல்ல, தரவு. 1958, 1970 ஆகிய ஆண்டுகளில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். பிரிஸ்டலில் 1990களின் தொடக்கத்தில் கருவுற்ற தாய்மார்களையும் அந்தப் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்க்கிறார்கள். தெற்கு லண்டனின் மனநல மருத்துவமனைக் குறிப்புகளை அடையாளம் நீக்கி ஆய்வுக்குத் திறந்துவிட்டிருக்கிறது மாட்ஸ்லி மருத்துவமனையும் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து. சிறுவயது வறுமை நாற்பது வயதில் மனச்சோர்வாக வருகிறதா என்று கேட்க, நாற்பது ஆண்டுகள் காத்திருக்காமல் மூன்றே ஆண்டில் பதில் தேடக்கூடிய இடங்கள் உலகில் சில மட்டுமே.

குடும்பம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. 2024 முதல் மாணவர் விசாவில் துணையையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் உரிமை பெரும்பாலும் ஆய்வுப் படிப்பு மாணவர்களுக்கு மட்டுமே. பிஎச்.டி. அதில் அடங்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் மருத்துவக் கூடுதல் கட்டணத்தை மொத்த காலத்துக்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும். மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. இதைப் பல்கலைக்கழகம் தருமா என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. லண்டன் என்றால் உதவித்தொகை 2,000 பவுண்டு கூடுதல், ஆனால் அறை வாடகை அதை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

லண்டனிலோ லெஸ்டரிலோ வளர்ந்து இதைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டணக் கவலையே இல்லை. பொதுச் சுகாதாரப் பள்ளியின் இடங்கள் உங்களுக்காகவே விளம்பரமாகின்றன. ஈழத்திலிருந்து வந்த தலைமுறையின் போர்க்கால மனக்காயங்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் கூட்டு மனவடு என்ற கோணத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். புலம்பெயர்ந்த மண்ணில் அதன் தொடர்ச்சியை ஆராய மொழி தெரிந்த ஆள் வேண்டும்.

வட ஐரோப்பா: மாணவர் அல்ல, ஊழியர்

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. ஒப்பந்தம், சம்பளம், வரி, விடுமுறை, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது, இந்தியருக்கும் இலங்கையருக்கும்கூட. நெதர்லாந்தில் தொடக்கச் சம்பளம் மாதம் சுமார் 3,000 யூரோ, நான்கு ஆண்டுகள். ஸ்வீடனில் 30,000 க்ரோனாரைத் தாண்டும், படிப்புக் காலம் நான்கு ஆண்டுகள். கற்பித்தலும் சேர்ந்தால் ஐந்து வரை நீளும். நார்வேயில் மூன்று, அல்லது கால்பங்கு பணியோடு நான்கு. வரி போகக் கையில் வருவதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலிய உதவித்தொகைகளுக்கு வரி இல்லை என்பதால் நேரடியாக ஒப்பிட்டால் ஏமாறுவோம்.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு இந்த நாடுகளை நான் தயங்காமல் முதலில் சொல்வேன். பேறுகால விடுப்பு ஊழியர் உரிமையாக வருகிறது, ஒப்பந்தமும் அதற்கேற்ப நீட்டிக்கப்படும். ஸ்வீடனில் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து ஒரு குழந்தைக்கு 480 நாள்கள் உதவித்தொகையோடு விடுப்பு. ஜேஆர்எஃப்பிலும் மகப்பேறு விடுப்பு உண்டுதான். ஆனால் அதைக் கேட்டு வாங்கும்போது அலுவலக முகங்கள் எப்படி மாறும் என்பதை நம்மூர் ஆய்வு மாணவிகளிடம் கேட்டால் தெரியும்.

டென்மார்க்கைத் தனியே குறிப்பிட வேண்டும். 1968இல் எல்லாக் குடிமக்களுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தார்கள். மனநல மருத்துவமனைச் சேர்க்கைகள் 1969 முதல் கணினிப் பதிவில் உள்ளன. பிறப்பு, பள்ளி, வேலை, வருமானம், நோய், இறப்பு எல்லாவற்றையும் அந்த எண்ணால் கோத்து ஒரு நாடு முழுவதையும் ஆய்வு செய்யலாம். மாதிரியெடுப்பு, கேள்வித்தாள், வீடு வீடாக நடப்பது எதுவும் இல்லை. கோடிங்கும் புள்ளியியலும் பிடித்தவருக்கு இது சொர்க்கம். மனிதர்களோடு பேசிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இந்தத் துறைக்கு வந்தவருக்கு மூன்றாம் மாதமே அலுத்துவிடும். பாதுகாக்கப்பட்ட சர்வரில் எண்களோடு மட்டும் குடித்தனம் நடத்த முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே விண்ணப்பம் என்பது வேலை விண்ணப்பம். பதவி விளம்பரம் ஆண்டு முழுவதும் வரும், திட்டம் பெரும்பாலும் தயாராக இருக்கும், உங்கள் சொந்த முன்மொழிவுக்கு இடம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளும் இதே பாணி. கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்ற விதியால், ஏற்கெனவே அங்கே முதுகலை படித்துக்கொண்டிருப்பவர்தான் அடிபடுவார். ஊரிலிருந்து நேராக விண்ணப்பிக்கிறவருக்கு அது சாதகம்.

அமெரிக்கா

பயிற்சியின் ஆழத்துக்கு அமெரிக்காவை மிஞ்ச ஆளில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் பாடம், தகுதித் தேர்வு, பிறகுதான் ஆய்வு. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் புளூம்பெர்க் பொதுச் சுகாதாரப் பள்ளியில் மனநலத்துக்கென்றே ஒரு முழுத் துறை இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பள்ளிக்குள் இப்படி ஒன்று அரிது. அங்கே முழுநேர பிஎச்.டி. மாணவர்களுக்கு முதல் நான்கு ஆண்டுகள் கட்டணமும் உதவித்தொகையும் காப்பீடும் கிடைக்கின்றன. நியூயார்க் கொலம்பியாவின் நோய்ப்பரவலியல் துறைக்கும் மனநல ஆய்வில் நீண்ட மரபு உண்டு.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனம் துறைகளுக்குத் தரும் பயிற்சி மானிய இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவரைத் துறை தன் சொந்தப் பணத்திலோ ஆசிரியரின் ஆய்வு மானியத்திலோதான் தாங்க வேண்டும். துறைப்பணம் சுருங்கும் ஆண்டுகளில் முதலில் அடிபடும் இடம் அது. இரண்டாவது, 2025. அந்த மார்ச்சில் 80 கோடி டாலருக்கு மேற்பட்ட அரசு உதவி நின்றதால் ஹாப்கின்ஸ் உலகெங்கும் 2,000க்கும் மேற்பட்ட பணியிடங்களை ரத்து செய்தது. சுகாதார ஆய்வு மானியங்கள் பல நடுவழியில் நிறுத்தப்பட்டன. ஏற்றத்தாழ்வு, சிறுபான்மையினர் மனநலம் போன்ற தலைப்புகள் குறிவைக்கப்பட்டன. பொது மனநலத்தின் உயிரே அந்தத் தலைப்புகளில்தான் இருக்கிறது. இன்னொன்று, எஃப்-2 விசாவில் வரும் துணைவர் அங்கே வேலை பார்க்க முடியாது. இரண்டு வருமானத்துக்குப் பழகிய குடும்பம் ஐந்து ஆண்டுகள் ஒன்றில் ஓட வேண்டும்.

ஆகவே இப்போதைக்கு அமெரிக்காவை நான் இரண்டாவது வரிசையில்தான் வைப்பேன். சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிதியிலிருந்து என்று எழுத்தில் உறுதி வந்தால் மட்டும் முதல் வரிசைக்கு மாற்றலாம்.

ஆஸ்திரேலியா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்போர்னிலும் சிட்னியிலும் தற்கொலைத் தடுப்பு, இளைஞர் மனநலம் ஆகியவற்றில் வலுவான குழுக்கள் இருக்கின்றன. அந்நாட்டு அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டத்தின் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் தள்ளுபடி ஆகும், துணைவர் முழுநேரம் வேலை பார்க்கலாம். வெளிநாட்டு மாணவருக்கான பங்கு சிறியது என்பதால் முதுகலையில் நல்ல மதிப்பெண்ணும் குறைந்தது ஒரு வெளியீடும் இல்லாமல் அந்தப் பக்கம் போவது நேரவிரயம்.

பதிவு வெளிநாட்டில், களம் ஊரில்

இரண்டையும் ஒன்றாக அடைய நினைக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஏர்வாடியிலோ மலையகத்திலோ களப்பணி. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகமொன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகு, தர்காக்களோடு இணைந்து சிகிச்சை தரும் முயற்சிகள் எப்படிப் போயின என்று கேட்க விரும்பும் மாணவரைக் கற்பனை செய்யுங்கள். தலைப்பு அபாரம். ஆனால் வெளிநாட்டுப் பணத்தில் இந்தியாவில் மருத்துவ ஆய்வு செய்ய உள்ளூர் நிறுவனமொன்று பொறுப்பேற்க வேண்டும். அதன் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும். இதற்கு மாதங்கள் ஓடும். மூன்று ஆண்டு பிரிட்டிஷ் இடத்தில் முதல் ஆண்டு இதிலேயே கரைவதுண்டு. நான்கு ஆண்டு ஒப்பந்தம் இல்லாமல் இப்படி ஒரு திட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

இதற்கு மாற்றாக எனக்குப் பிடித்தது தலைகீழான ஏற்பாடு. பதிவும் களமும் இங்கே, பயிற்சிக்கு மட்டும் வெளியே. காமன்வெல்த் நாடுகளில் பிஎச்.டி. செய்துகொண்டிருப்பவர் ஓராண்டு வரை பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் போய் இருக்கத் துணைசெய்யும் காமன்வெல்த் இணைவழி (ஸ்பிளிட்-சைட்) உதவித்தொகை இதற்கென்றே இருக்கிறது. தகுதியான நாடுகளின் பட்டியல் மாறக்கூடியது, அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். ஜேஆர்எஃப்போடு இது சேர்ந்தால் தலைப்பும் உங்களுடையது, தரவும் உங்களுடையது, புள்ளியியலில் இருந்த ஓட்டையும் அடைபடும்.

எஸ்சி பிரிவு மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் 2022இல் வந்த விதிமுறைகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை விலக்கிவிட்டன. சாதியும் மனநலமும் என்ற தலைப்பை யார் ஆராய வேண்டுமோ அவர்களிடமே அந்தத் தலைப்பைத் தவிர்க்கச் சொல்லும் விதி இது. எதிர்ப்புகள் எழுந்தன. இந்தத் தலைப்பில் உறுதியாக இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தின் விதிகளையும் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இதையெல்லாம் வைத்து யாருக்கு எது என்று கேட்டால், என் பதில் ஒரே மாதிரி இருக்காது. சமூகப்பணி முடித்து, ஏதோ ஒரு மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்த்து, அங்கே கண்ட குறை ஒன்று தூங்கவிடாமல் செய்கிறது என்றால் ஜேஆர்எஃப்தான், நிம்ஹான்ஸோ நல்ல தொண்டு நிறுவன இணைப்போ பார்த்து. இன்னும் சொந்தக் கேள்வி கிடைக்கவில்லை, ஆனால் கணக்கும் கணினியும் வரும் என்றால் டென்மார்க், ஸ்வீடன். தயாரான திட்டத்தில் வேலை செய்வதே அப்போது நல்ல பயிற்சி. வளர்ச்சிப் பருவம், ஏழ்மை, தலைமுறை என்று நீண்ட காலம் சார்ந்த கேள்வி என்றால் பிரிட்டன், கட்டணம் முழுமையாக அடங்கினால் மட்டும். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களிடம் மட்டும் ஒன்று சொல்வேன்: எம்.டி. சமுதாய மருத்துவமோ மனநல மருத்துவமோ முடித்துவிட்டு வாருங்கள். பிறகு எந்தக் கதவும் எளிதாகத் திறக்கும்.

ஒரே ஆண்டில் இவற்றில் மூன்றுக்கு முயல முடியும். ஜூன் நெட்டை முதலில் எழுதிவிடலாம், அதற்குப் படிப்பது மற்ற விண்ணப்பங்களுக்கும் உதவும். ஆகஸ்ட், செப்டம்பரில் நெறியாளர்களுக்கு மின்னஞ்சல். ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வி, அவர்களது எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள் என்பது, என்ன தரவு தேவை என்பது, அவ்வளவு போதும். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்தில் மூடும், பிரிட்டன் திட்டங்கள் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில். ஸ்வீடன், டென்மார்க் பதவிகளுக்குப் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பதில் வராத நெறியாளருக்கு இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், அவரிடம் சேர்ந்த பிறகும் அப்படித்தான் இருக்கும்.